மேல்வீட்டுப் போரும் பதினோரு மாத ஒப்பந்தமும்: புறத்திணை நோக்கில் ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவையும் எல்லையும்

வாடகை வீடு குறித்து இதுகாறும் எழுந்த நூல்களை இரு வகைக்குள் அடக்கலாம். குடியிருப்பவரை எப்படிக் கிளப்புவது என்று வீட்டுக்காரருக்குச் சொல்பவை ஒரு வகை. கிளம்பாமல் எப்படி இருப்பது என்று குடியிருப்பவருக்குச் சொல்பவை மற்றொரு வகை. வழக்கறிஞர்களின் அலமாரிகளில் இரண்டும் தடித்த அட்டையோடு நிற்கின்றன. ஆனால் வீட்டுக்காரர் நல்லவர், வாடகை கட்டுபடியாகிறது, தண்ணீர் வருகிறது, பஸ் நிறுத்தம் பக்கத்தில் இருக்கிறது, இருந்தும் மேல்வீட்டு ட்ரெட்மில் ஒன்றின் பொருட்டு ஒப்பந்தம் முடியும் முன்பே மூட்டை கட்டுகிற மனிதரைப் பற்றிப் புலமையுலகம் வாய் திறக்கவில்லை. திருக்குறளின் 133 அதிகாரங்களிலும் அண்டை வீட்டாருக்கென ஒன்று கிடையாது. 16-ஆவதான பொறையுடைமையும் 89-ஆவதான உட்பகையும் மட்டுமே சற்று அருகில் வருகின்றன. பொறையுடைமை எழுதியபோது ஆசிரியருக்கு மேல்வீடு என ஒன்று இருந்திருக்காது என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

இக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. இதன் எல்லை சென்னையும் அதன் புறநகரும். அடுக்குமாடிக் குடியிருப்பில், தலைக்கு மேல் ஒரு தளமாவது இருக்கும்படி, வாடகைக்கு வாழ்பவரே இதன் பாட்டுடைத் தலைவர். சொந்த ஃபிளாட்டில் இருந்துகொண்டு மேல்வீட்டாரோடு மல்லுக்கட்டுகிறவர் இதில் சேரார். அவர் ஆயுள் கைதி. நாம் பேசுவது ஜாமீன் தேடுகிறவரைப் பற்றி.

பதினோரு மாதம் என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பதிவென்றால் முத்திரைத் தீர்வை, கட்டணம், சார்பதிவாளர் அலுவலக பெஞ்சில் ஒரு முழுப் பகல். இவை மூன்றுக்கும் அஞ்சிய நம் முன்னோர் ஆண்டிலிருந்து ஒரு மாதத்தைக் கழித்துவிட்டனர். பின்னர் தமிழ்நாட்டில் வாடகைதாரர், வீட்டு உரிமையாளர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று அது சொல்லிவிட்டது. ஆனாலும் டைப் அடித்துக் கொடுக்கும் கடைக்காரரின் கணினியில் பதினொன்று பதினொன்றாகவே நிற்கிறது.

அந்த ஒப்பந்தத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வாடகை ஐந்தாம் தேதிக்குள், அட்வான்ஸுக்கு வட்டி கிடையாது, சுவரில் ஆணி அடிக்கலாகாது, உள்வாடகைக்கு விடலாகாது, நாய் வளர்க்கலாகாது, காலி செய்யும்போது பெயின்ட் செலவைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எல்லாம் இருக்கும். மேல்வீடு என்ற சொல் மட்டும் இருக்காது. இருவர் கையெழுத்திடுகிறார்கள். அது எத்தனை மாதம் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பவரோ கையெழுத்தே போடாத மூன்றாமவர். ஆய்வின் முதற்கருத்து இதுவே.

2. முதற்பொருள்: நிலமும் பொழுதும்

போரை ஆராயப் புறத்திணை இலக்கணமே தகும். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்த பன்னிரண்டு திணைகளை இங்கே பின்பற்றுகிறோம். முதல், கரு, உரி என்னும் பாகுபாடு அகத்திணைக்கு உரியதாயிற்றே, புறத்துக்கு ஆகுமா எனின், ஆகும். அகத்துக்கும் புறத்துக்கும் இடையே இங்கு ஐந்தங்குலக் கான்கிரீட்டே உளது.

அந்தக் கான்கிரீட்டே நம் நிலம். ஒலி இரண்டு வழிகளில் வரும். பேச்சு, பாட்டு, டிவி சீரியலின் மாமியார் குரல் ஆகியவை காற்றின் வழி வந்து, சுவரிலும் தளத்திலும் முட்டிப் பெருமளவு வலுவிழந்து, மிச்சத்தோடு நம்மை அடைகின்றன. குதிகால் நடை, நாற்காலி இழுப்பு, கீழே விழும் எவர்சில்வர் டம்ளர் ஆகியவை அப்படி அல்ல. அவை தளத்தையே நேராகத் தட்டுகின்றன. ஐந்து அல்லது ஆறு அங்குலக் கான்கிரீட், அதன்மேல் சிமென்ட் பூசி ஒட்டிய டைல்ஸ், நடுவில் மெத்தென்று ஒன்றும் இல்லை. மேலே தட்டியது கீழே அதிர்கிறது. இதனால்தான் மேல்வீட்டுச் சண்டையின் வசனம் நமக்குப் புரிவதில்லை, யார் எழுந்து எந்த அறைக்குப் போனார் என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. கதை கேட்காமல் காலடி மட்டும் கேட்பது கீழ்வீட்டாரின் தனித்துயரம்.

இத்தகைய மோதல் ஒலிக்கு மருந்து, ஒலி பிறக்கும் இடத்தில் இட வேண்டியது. மேலே ஒரு தடித்த விரிப்போ நாற்காலிக் காலுக்கு ஒரு ரப்பர் குல்லாயோ செய்கிற வேலையைக் கீழே பெருஞ்செலவில் போடும் ஃபால்ஸ் சீலிங்கால் எளிதில் செய்ய முடியாது. நோய் ஒருவருக்கு, மருந்து உட்கொள்ள வேண்டியவர் வேறொருவர். இந்தப் போர் தீராமைக்கு இயற்பியல் தரும் காரணம் இவ்வளவே.

இனிப் பொழுது. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, காலை 6 மணி முதல் இரவு 10 வரை பகல் என்றும், 10 முதல் 6 வரை இரவு என்றும் வகுக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. சாதாரணமாகப் பேசும் பேச்சே 60 டெசிபலை ஒட்டி வரும். ஆகவே விதியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் இரவு பத்தரைக்கு, "கேஸ் மூடியாச்சா?" என்று கணவர் கேட்பதும், "நீங்க போய்ப் பாருங்க" என்று மனைவி சொல்வதும் எல்லை மீறல்.

ஆனால் விதி அவ்வளவு கடுமையானது அன்று. அந்த 45 என்பது ஒரு கால அளவுக்குள் கேட்ட ஒலியனைத்தையும் கூட்டிப் பரப்பிய சராசரி. நள்ளிரவு ஒரு மணிக்கு இரண்டு நொடி இழுபட்ட நாற்காலி அந்தச் சராசரியில் கரைந்து காணாமல் போகும். நாற்காலி இழுபட்டது இரண்டு நொடி, அடுத்து எப்போது இழுபடும் என்று விழித்திருந்தது மூன்று மணி நேரம். முன்னதை அளக்கக் கருவி உண்டு. பின்னதை அளக்கும் கருவி இன்னும் செய்யப்படவில்லை.

3. கருப்பொருள்

ஐந்திணைக்குத் தெய்வம், உணா, விலங்கு, மரம், புள், பறை எனக் கருப்பொருள் உண்டு. மேல்வீட்டுத் திணைக்கும் உண்டு. உணா: அதிகாலை மிக்ஸியில் அரைபடும் தேங்காய்ச் சட்னி. விலங்கு: பால்கனியில் கட்டப்பட்ட நாய், வீட்டார் வெளியூர் போகும் நாள்களில் மட்டும் தன் கருத்தை வெளியிடுவது. பறை: இஞ்சி பூண்டு இடிக்கும் இரும்பு உரல். இந்த உரலைக் கிரானைட் மேடைமேல் வைத்து இடிப்பதா, தரையில் வைத்து இடிப்பதா என்பதில் சமையல் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கீழ்வீட்டாரிடம் இல்லை. மடியில் வைத்து இடிக்க வேண்டும் என்பதே அவர்களின் ஒருமித்த முடிவு.

இவையன்றித் தொழிற்கருவிகளும் உள: கடைசிச் சுற்றில் அறை முழுதும் நடந்துபோகும் வாஷிங் மெஷின், ஞாயிறு காலை மட்டுமே உயிர் பெறும் டிரில்லிங் மெஷின், புத்தாண்டுத் தீர்மானமாக வந்து சேரும் ட்ரெட்மில். இவற்றுள் ட்ரெட்மில்லைப் பற்றி மட்டும் ஓர் ஆறுதல் சொல்லலாம். மாசி பிறப்பதற்குள் அது பெரும்பாலும் துணி காயப்போடும் கொடியாகிவிடும்.

கோலிக்குண்டு உருளும் ஒலி தனியே ஆராயத்தக்கது. நள்ளிரவில் மேலே யாரோ கோலிக்குண்டைப் போட்டு உருட்டுவதாகக் கீழ்வீட்டார் பலர் சத்தியம் செய்கின்றனர். மேலே விசாரித்தால் அந்த வீட்டில் குழந்தையே இருக்காது, சில வேளை அந்த வீடே பூட்டிக் கிடக்கும். குழாயில் ஓடும் தண்ணீர் சட்டென நிறுத்தப்படும்போது உண்டாகும் அழுத்த அதிர்ச்சியும் இப்படி ஒலிக்கக்கூடும் என்பர் பொறியாளர். பேய் என்பர் வாட்ச்மேன் மரபினர். இரு கொள்கையாலும் தூக்கம் திரும்பி வருவதில்லை.

4. திணைப் பாகுபாடு

வெட்சி: பகைவர் அறியாமல் ஆநிரை கவர்தல் வெட்சி. இங்கே கவரப்படுவது தூக்கம். குடிவந்து பால் காய்ச்சிய முதல் வாரத்தில் இது நிகழாது. சாமான் பிரிக்கும் ஓசையில் நாமே ஊரை எழுப்பிக்கொண்டிருப்போம். கடைசி அட்டைப் பெட்டியைப் பிரித்து முடித்த இரவுதான் மேலேயிருந்து முதல் நாற்காலி இழுபடும்.

கரந்தை: இழந்த ஆநிரையை மீட்டல். காதில் பஞ்சு, மின்விசிறி ஐந்தாம் எண்ணில், கட்டில் கிழக்கு அறையிலிருந்து மேற்கு அறைக்கு. மேல்வீட்டாரும் அன்றே தம் கட்டிலை மேற்கு அறைக்கு மாற்றுவர். இதைத் தற்செயல் என்று கொள்ளும் சான்றோர் சிலரே.

வஞ்சி: பகைவர் மண்மேல் படையெடுத்தல். லிஃப்டில் போகாமல் படியேறிப் போவது மரபு, சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்க அதுவே அவகாசம் தரும். போருக்குப் பூச்சூடிச் செல்லும் வழக்கம் அருகிவிட்டமையின் முகத்தில் ஒரு புன்னகையைச் சூடிக்கொள்வர். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. கீழ்வீட்ல இருக்கோம்" என்பதே இத்திணையின் முதல் அடி. இதுவரை யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருந்ததில்லை.

காஞ்சி: வந்த படையை எதிர்த்து நிற்றல். மேல்வீட்டார் கூற்றுகள் மூவகைப்படும். மறுப்புக் காஞ்சி: "எங்க வீட்ல பத்து மணிக்கே லைட் ஆஃப் சார்." நியாயக் காஞ்சி: "குழந்தைங்க இருக்கற வீடு, அப்படித்தாங்க இருக்கும்." எதிர்க் காஞ்சி: "உங்க வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேன்ல இருந்து மீன் வாசனை வருது, நாங்க ஏதாவது சொன்னோமா?" மூன்றாவதே வலியது. படையெடுத்துப் போனவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கீழே இறங்குவார். தொல்காப்பியர் காஞ்சியை நிலையாமை கூறும் திணையாகக் கொண்டார். முரணில்லை. இறங்கிவரும் அந்தப் படிகளில்தான் வாடகை வாழ்வின் நிலையாமை முதன்முதலாக விளங்கும்.

நொச்சி: மதில் காத்தல். அசோசியேஷனிடம் முறையிடுவது இக்கட்டம். செக்ரட்டரி பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, "நீங்க டெனன்ட்தானே? உங்க ஓனரைப் பேசச் சொல்லுங்க" என்பார். மாதா மாதம் மெயின்டனன்ஸ் கட்டுபவர் வாடகைதாரர், கூட்டத்தில் கை தூக்க உரிமையுள்ளவர் உரிமையாளர். உரிமையாளரோ மடிப்பாக்கத்திலோ மெல்போர்னிலோ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

உழிஞை: மதிலை வளைத்தல். இக்காலத்தில் இது வாட்ஸப் குழுவில் நிகழும். "யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை" என்று தொடங்கும் செய்தி எப்போதும் ஒருவரை மட்டுமே குறிக்கும். அதற்கு மேல்வீட்டார் மறுமொழி சொல்வதில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு மலர்ப் படத்துடன் கூடிய ஒரு பொன்மொழியை இடுவார். அது சகிப்புத்தன்மை பற்றியதாக இருக்கும்.

தும்பை: இரு படையும் ஒரு களத்தில் நேர்நின்று பொருதல். இங்கே சட்டம் உள்ளே வருகிறது, ஆகவே விரிவாக நோக்குவோம்.

ஒலி அளவு வரம்பைப் பத்து டெசிபல் அல்லது அதற்கு மேல் தாண்டினாலோ இரவு நேரத் தடைகள் மீறப்பட்டாலோ புகார் தரலாம் என்பது 2000-ஆம் ஆண்டு விதி. இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி வைத்தால் இந்த விதி நன்றாக உதவும். குதிகாலுக்கு உதவாது. குதிகால் ஒலிபெருக்கியன்று என்பது சட்டத்தின் கருத்து.

பொதுத் தொல்லை என்று போகலாமா? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 270-ஆம் பிரிவு அதற்கு இலக்கணம் சொல்கிறது, 292-ஆம் பிரிவு ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது இருநூறு ரூபாய்தான். ஆயினும் பொதுத் தொல்லை பொதுமக்களுக்கு நேர வேண்டும். ஒரே ஒரு படுக்கையறையில் ஒரே ஒருவர் விழித்திருப்பதைப் பொது என்று நிறுவுவது கடினம். நூறுக்குப் போன் செய்தால் ரோந்து வண்டி வரும். அது வரும்போது மேலே பூஜை அறையின் அமைதி நிலவும். "அக்கம்பக்கம், அனுசரிச்சுப் போங்க சார்" என்பதே அங்கு வழங்கும் தீர்ப்பு. இன்னும் வற்புறுத்தினால் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும். உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்டு வழக்குப் போடலாம்தான். அதற்குள் மேல்வீட்டுக் குழந்தை வளர்ந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விடும்.

வீட்டுக்காரரைப் பிடிக்கலாமா? 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறவர் இடையூறின்றி வீட்டை அனுபவிக்கலாம் என்ற உறுதியை உரிமையாளர் தலையில் வைக்கிறது. இதைப் படித்ததும் கீழ்வீட்டார் துள்ளி எழுவர். உட்காரலாம். அந்த உறுதியை வைத்து, உரிமையாளருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மேல்வீட்டாரின் குதிகாலுக்கு அவரைப் பொறுப்பாக்குவது எளிதன்று. மேல்வீடும் அதே உரிமையாளருடையது, அங்கிருப்பவரும் அவருடைய வாடகைதாரரே என்றால் பேச்சுக்குச் சற்று வலு கூடும். மற்றபடி சட்டம் வீட்டின் நான்கு பக்கத்தையும் காக்கிறது. கூரைப் பக்கத்தை நம் பொறுமைக்கு விட்டுவைத்திருக்கிறது.

வாகை: வென்றோர் சூடும் பூ. மேல்வீட்டார் சூடினாரா எனில், போர் நடந்ததே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கீழ்வீட்டார் சூடினாரா எனில், அவர் டு-லெட் பலகைகளைப் பார்த்தபடி தெருத் தெருவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். வாகை சூடுபவர் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸும், இரு பக்கமும் ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கும் புரோக்கருமே.

இக்கட்டத்தில் நோட்டீஸ் தர வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், மாத வாடகைக் குடியிருப்பை முடித்துக்கொள்ளப் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு எப்போதும் இருக்கும். இரண்டு மாதம், மூன்று மாதம், சிலவற்றில் ஆறு மாத லாக்-இன். அதற்கு முன் போனால் மீதி மாத வாடகை முழுவதையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று எழுதியிருந்தால் கைகால் நடுங்க வேண்டியதில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை ஓர் உச்ச வரம்பே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவே கேட்க முடியும். மறுவாரமே வேறொருவர் குடிவந்துவிட்டால், ஆறு மாதம் வீடு சும்மா கிடந்ததாகக் கணக்குக் காட்டுவது வீட்டுக்காரருக்குக் கடினம்.

ஒரு தடை: ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுவதில்லை என்பது மரபு. எனவே ஆனி இறுதியில் தூக்கம் கெட்டவர் ஆவணி வரை விழித்திருக்க வேண்டியதே. பன்னிரண்டு திணைகளையும் திணைக்கொரு மாதமாக முறைப்படி நடத்த நினைப்பவருக்கும் ஓர் எச்சரிக்கை. மாதம் பதினொன்றுதான் உள.

பாடாண்: புரவலரைப் பாடிப் பரிசில் பெறுதல். பன்னிரண்டு திணையுள் தலையாயது இதுவே. இங்கே புரவலர் வீட்டுக்காரர், பரிசில் நாம் கொடுத்த அட்வான்ஸ்.

மாத வாடகை 20,000 எனக் கொள்வோம். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், இரண்டு லட்சம். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அக்கணக்கில் அறுபதாயிரம். ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி என்று ஒரு சன்னலையும் அதே பிரிவு திறந்து வைத்திருக்கிறது. அந்தச் சன்னல் வழியாகப் பத்து மாதமும் உள்ளே வந்துவிட்டது.

அந்த இரண்டு லட்சம் வீட்டுக்காரரிடம் ரொக்கமாக இராது. மகள் கல்யாணத்துக்கோ மனை முன்பணத்துக்கோ என்றோ போயிருக்கும். "புது ஆளு வந்து அட்வான்ஸ் குடுத்ததும் உங்களுக்கு செட்டில் பண்ணிடறேன்" என்பார். பொய்யில்லை, வழக்கமே அதுதான். ஆகவே ஓடிப்போக நினைப்பவர், தம் இடத்துக்கு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் ஓட முடியும். மாலை ஆறு மணிக்குப் புரோக்கர் ஓர் இளம் தம்பதியை அழைத்து வருவார். அவர்கள் சமையலறைக் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், வாஸ்து கேட்பார்கள். பிறகு அந்தப் பெண் அந்தக் கேள்வியைக் கேட்பாள்: "அங்கிள், அக்கம்பக்கம் எல்லாம் எப்படி?"

அப்போதுதான் பாடாண் பிறக்கிறது. பத்து மாதம் கூரையைப் பார்த்துச் சபித்த அதே வாய், "நல்ல காத்தோட்டம்மா. தண்ணிக் கஷ்டமே கிடையாது" என்று பாடும். கேட்ட கேள்விக்கு அது விடையன்று. பொய்யுமன்று. இலக்கணிகள் இதனை இனமொழி விடை எனக் கொள்ளலாம். மேல்வீட்டாரும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார், ஆபீஸிலிருந்து வரும் வழியில் கத்திப்பாராவில் நிற்பார்.

பொதுவியல்: எத்திணைக்கும் பொதுவானவை. ஒரு மாத வாடகை பெயின்டுக்கு, உடைந்த பிளாஷ் டேங்குக்கு ஐந்நூறு, கடைசி கரன்ட் பில், ஒப்படைக்க வேண்டிய மூன்று சாவியில் காணாமல் போன ஒன்று.

கைக்கிளை: ஒருதலைக் காமம். மிச்ச அட்வான்ஸை எதிர்பார்த்து அனுப்பும் காலை வணக்கச் செய்திகள் இதன்பாற்படும். இரண்டு நீல டிக் தெரியும். மறுமொழி வராது.

பெருந்திணை: பொருந்தாக் காமம். அடுத்த வீடு. இம்முறை மேல்மாடி, தலைக்கு மேல் யாரும் இல்லை. வெயில் நேரே தளத்தில் இறங்கும், ஓவர்ஹெட் டேங்க்கின் மோட்டார் காலை நாலரைக்குப் பாடும். முதல் வாரத்திலேயே கீழ்வீட்டிலிருந்து ஒருவர் படியேறி வருவார், முகத்தில் புன்னகை சூடி.

5. தடையும் விடையும்

தடை: மேல்வீட்டாரும் மனிதர்தாமே, நடக்காமல் எப்படி வாழ்வது?

விடை: நடத்தலை யாரும் குறை சொல்லவில்லை. இரவு பன்னிரண்டுக்கு மேல் கட்டிலை நகர்த்தும் தேவை என்ன என்பதே வினா. இதற்கு விடை தருபவருக்குத் தனியே ஒரு பட்டம் வழங்கலாம்.

தடை: ஒலி குறைந்த கட்டடத்தைக் கட்டினால் இவ்வாய்வே தேவைப்படாதே?

விடை: உண்மை. தளத்துக்கும் டைல்ஸுக்கும் இடையே மெத்தென்ற ஓர் அடுக்கு போட்டால் மோதல் ஒலி பெரிதும் அடங்கும். ஆனால் புரோஷரில் நீச்சல் குளத்தின் படத்தைப் போட முடிகிறது. அமைதியின் படத்தைப் போட முடிவதில்லை.

தடை: இவ்வளவு இடரிருந்தும் மக்கள் தெரிந்தே போய் ஏன் மாட்டிக்கொள்கிறார்கள்?

விடை: தெரிந்து போகவில்லை. தெரிந்த ஒருவர் இருந்தார், அவர் வாய் திறக்கவில்லை. காரணம் அவர் கெட்டவர் என்பதன்று. அவருடைய இரண்டு லட்சம் அந்த வாயில் அடைக்கப்பட்டிருந்தது. பத்து மாத அட்வான்ஸ் வீட்டுக்காரரின் பாதுகாப்புக்காக ஏற்பட்டது என்பர். அது உண்மையில் காப்பது மேல்வீட்டாரின் நற்பெயரை. ஒவ்வொரு குடியிருப்பவரும் தமக்கு முன்னிருந்தவரின் மௌனத்தை விலைக்கு வாங்கி, தமக்குப் பின் வருபவரிடம் அதே விலைக்கு விற்றுவிட்டுப் போகிறார். அட்வான்ஸ் மூன்று மாதமாகச் சுருங்கினால் அந்த அங்கிளும் உண்மையைச் சொல்லும் அளவுக்குத் துணிவார். மேல்வீட்டார் குறித்த செய்தி ஊருக்குத் தெரிந்தால், ரப்பர் குல்லாயும் தானே மேலே போய்ச் சேரும்.

6. முடிபும் பரிந்துரையும்

பதினோரு மாத ஒப்பந்தத்தைக் குலைப்பது வாடகைதாரரின் நிலையில்லாத மனம் என்று வீட்டுக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கொள்கை இவ்வாய்வால் மறுக்கப்பட்டது. மெல்லிய தளமும் தடித்த அட்வான்ஸும் சேர்ந்தே அதைக் குலைக்கின்றன என நிறுவப்பட்டது. ஆகவே கீழ்க்கண்டவை பரிந்துரைக்கப்படுகின்றன.

ஒப்பந்தம் டைப் அடிக்கும் முன் லாக்-இன் வரியை எடுக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால், அக்கம்பக்கத் தொல்லை குறித்து எழுத்தில் தெரிவித்தும் தீராவிட்டால் ஒரு மாத நோட்டீஸில் போகலாம் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் பற்றிப் பேசும்போது சட்டம் மூன்று என்கிறது என்று ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். பத்து ஆறாகலாம். தொல்லை தொடங்கினால் தேதியும் நேரமும் குறித்து வையுங்கள், வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பின்னர் பிடித்தம் பற்றிப் பேசும் நாளில் அதுவே பேசும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாலை ஆறு மணிக்கு வீடு பார்க்காதீர்கள். இரவு பத்து மணிக்குப் போங்கள். ஹாலின் நடுவில் நின்று ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் இருங்கள். புரோக்கர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். இறங்கும்போது வாட்ச்மேனிடம், இந்த வீட்டில் இதற்கு முன் இருந்தவர்கள் எத்தனை மாதம் இருந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். தொடர்ந்து இரண்டு பேர் ஓராண்டுகூடத் தாங்கவில்லை என்றால், அங்கே காற்றோட்டம் எவ்வளவு இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.